ஊரைவிட்டுப் போனவனின் பெயர்

அட்டன்பரோ என்றதும் தமிழ் வாசகருக்கு இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவர் 1982இல் ‘காந்தி’ படத்தை எடுத்த ரிச்சர்ட் அட்டன்பரோ. மற்றவர், காட்டுயிர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசும் அவருடைய தம்பி டேவிட். அது ஓர் ஊரின் பெயரும்கூட. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நாட்டிங்ஹாமுக்குத் தென்மேற்கே, டிரென்ட் ஆற்றின் வடகரையில் இருக்கிறது அந்த ஊர். புனித மரியாள் பெயரில் ஒரு பழைய தேவாலயம், அதை ஒட்டிச் சில தெருக்கள், 1929 முதல் சரளைக்கல் தோண்டியெடுத்த பள்ளங்களில் நீர் தேங்கி உண்டான ஏரிகள். ஊர்ப்பெயரிலிருந்து பிறந்த ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றில் இது அரிதானது, ஒரு வட்டாரத்தைத் தாண்டி அதிகம் பரவாதது. 1881ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கணினியில் ஏற்றி, எந்தப் பெயர் எந்தப் பகுதியில் எவ்வளவு என்று வண்ணம் தீட்டிய வரைபடங்கள் இப்போது கிடைக்கின்றன. ஸ்மித் என்று தேடினால் நாடு முழுக்கச் சாயம் ஏறும். அட்டன்பரோவைத் தேடினால் நாட்டிங்ஹாம்ஷயரும் அதை ஒட்டிய டெர்பிஷயரும் அடர்ந்து கறுத்திருக்க, மற்ற இடங்கள் பெரும்பாலும் வெளிறிக் கிடக்கும். பார்த்த கணத்தில் மனம் தீர்ப்பெழுதிவிடுகிறது: இதுதான் வேர், இந்தக் குடும்பம் இந்த மண்ணில் முளைத்தது, பெயரும் ஊரும் ஆளும் ஒன்று. வரைபடத்தில் பிழை ஏதுமில்லை. பெயர் அந்த ஊருடையது என்பதிலும் எனக்குப் பெரிய ஐயமில்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு வந்த வேகம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

குடும்பப்பெயர் என்பது வேலை செய்யப் பிறந்த ஒன்று. பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கிராமத்தில் ஆண்களுக்கு வைத்த பெயர்கள் மிகச் சொற்பம். ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ் என்ற ஐந்துக்குள் பெரும்பாலோர் அடங்கிவிடுவார்கள். பண்ணை நீதிமன்றத்தில் அபராதம் குறிக்கும் எழுத்தனுக்கும், 1377லும் 1379லும் 1381லும் தலைவரி வசூலிக்க வந்தவர்களுக்கும், எந்த ஜான் என்று தெரிந்தாக வேண்டும். கொல்லன் ஜான், குட்டை ஜான், வில்லியம் மகன் ஜான், பாலத்தடி ஜான் என்று அடையாளங்கள் ஒட்டிக்கொள்கின்றன. இந்த வரிசையில் ‘அட்டன்பரோ ஜான்’ எங்கே பயன்படும்? அட்டன்பரோவுக்குள் பயன்படாது. அங்கே இருக்கிற ஜான்கள் அத்தனை பேரும் அட்டன்பரோ ஜான்கள்தான். அந்த அடையாளத்துக்கு உயிர் வருவது ஆள் ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு. பக்கத்து ஊரில் கூலிக்குப் போனவன், நாட்டிங்ஹாமில் தோல் பதனிடுபவனிடம் வேலைக்குச் சேர்ந்தவன், மனைவி வழியில் வந்த கால் காணி நிலத்துக்காக ஆற்றைக் கடந்து குடியேறியவன் ஆகியோரைத்தான் அங்கிருந்தவர்கள் அப்படிக் கூப்பிட்டிருக்க முடியும். ஆக, ஊர்ப்பெயரால் ஆன குடும்பப்பெயர் அந்த ஊரில் பிறப்பதில்லை. அது குறிக்கும் இடம் ஒன்று, அது உண்டான இடம் வேறொன்று. ‘இவன் இந்த ஊர்க்காரன் இல்லை’ என்பதை மரியாதையோடு சொல்லும் வழியாகத்தான் அது தொடங்கியிருக்கிறது. வேர் என்று கொண்டாடப்படுவதன் முதல் அர்த்தம் வந்தேறி என்பது.

இது என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. வரலாற்றாசிரியர்கள் இதன்மேல் கட்டடமே எழுப்பியிருக்கிறார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த ஊர்ப்பெயர் அறிஞர் ஐலர்ட் எக்வால் 1956இல் வெளியிட்ட நூலில், இடைக்கால லண்டன்வாசிகளின் ஊர்ப்பெயர்களைத் திரட்டி, நகரத்துக்கு யார் எங்கிருந்து வந்தார்கள் என்று வகுத்தார். 1979இல் பீட்டர் மக்ளூர் நாட்டிங்ஹாம் உள்ளிட்ட நகரங்களுக்கு அதே வழியைக் கையாண்டு, ஆட்கள் எவ்வளவு தூரம் நடந்து வந்திருப்பார்கள் என்று அளந்தார். மாகாண நகரங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இருபது மைலுக்குள்ளிருந்தே வந்திருக்கிறார்கள். இந்த ஆய்வுகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே ஒன்று: ஊர்ப்பெயரைச் சுமப்பவன் அந்த ஊரை விட்டு வந்தவன். ஆக, வரலாற்றாசிரியர் இடப்பெயர்ச்சிக்குச் சான்றாக வைக்கும் அதே பெயரைக் குடும்ப மரம் வரைபவர் இடம்பெயராமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார். இருவரும் ஒரே பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். போனவர்கள் சும்மா போய்விடவும் இல்லை. பண்ணையடிமை ஊரைவிட்டு வெளியே தங்க வேண்டுமென்றால் ஆண்டைக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கட்ட வேண்டும். 1348இல் வந்த பெருங்கொள்ளைநோய் ஊர்களைப் பாதியாக்கிவிட்டுப் போனபின், கூலி அதிகம் கிடைக்கும் இடத்துக்கு ஆட்கள் நகரத் தொடங்கினார்கள்; அதைத் தடுக்க 1351இல் சட்டம் போட்டார்கள்; சட்டம் போட்டும் நிற்கவில்லை. ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் பரம்பரைப் பெயர்களாக இறுகியது கிட்டத்தட்ட இந்த அலைச்சலின் காலத்தில்தான். ஊர்ப்பெயர்களில் எத்தனை பெயர்களுக்குப் பின்னால் இப்படி ஓடிப்போன ஒருவன் இருக்கிறானோ, அதை எந்தப் பதிவேடும் சொல்லப்போவதில்லை.

இதற்கு முதலில் வரக்கூடிய மறுப்பு நியாயமானது. ஊர்ப்பெயர் வைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் கூலிகளா? நார்மானிய வெற்றிக்குப் பின் பிரபுக்கள்தான் முதலில் ஊர்ப்பெயர்களைச் சூடிக்கொண்டார்கள். அவர்கள் அந்த ஊரின் உடைமையாளர்கள். அங்கேயே கோட்டை கட்டி வாழ்ந்தவர்கள். அங்கே பெயர் உரிமைப் பத்திரம் போன்றது, பிரிவின் தழும்பு அன்று. உண்மை. ஆனால் பிரபுக்களின் பெயர்கள்கூடப் பரம்பரைப் பெயராக நிலைத்து நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அவர்கள் அந்த ஊரை விட்ட பிறகே. பெர்சி குடும்பம் நார்த்தம்பர்லாந்தின் அடையாளமாகவே மாறிவிட்டது. பெர்சி என்பதோ நார்மண்டியில் கடலுக்கு அப்பால் கிடக்கும் ஊர். இன்னும் அருகில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அட்டன்பரோ ஊரில் பிறந்தவர்களில் வரலாறு நினைவில் வைத்திருப்பவர் ஹென்றி அயர்டன். 1611இல் அங்கே திருமுழுக்குப் பெற்றவர். ஆலிவர் கிராம்வெல்லின் மருமகன். 1649இல் மன்னர் முதலாம் சார்லஸின் மரண ஆணையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அயர்டன் என்பதும் ஊர்ப்பெயர்தான். பக்கத்து டெர்பிஷயரில் இருக்கும் லிட்டில் அயர்டனிலிருந்து வந்த நிலவுடைமைக் குடும்பம் அது. அட்டன்பரோவின் புகழ்பெற்ற மகன் வேறோர் ஊரின் பெயரைத் தாங்கியிருக்கிறார். அட்டன்பரோ என்ற பெயரைத் தாங்கியவர்களோ வேறு ஊர்களில் இருந்திருக்கிறார்கள். உடைமையாகத் தொடங்கிய பெயரும் இரண்டு மூன்று தலைமுறையில் பிரிவின் பெயராகிவிடுகிறது. இடையில் உள்ள வேறுபாடு அந்தப் பயணத்தை ஒருவர் குதிரையில் செய்தார், இன்னொருவர் காலால் செய்தார் என்பதுதான்.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. அதை முழுவதும் தள்ள முடியாது, தள்ளவும் கூடாது. யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதியிலும் லங்காஷயரிலும் பெனைன் மலைச்சரிவுகளில் நிலைமை வேறு. அங்கே ஊர் என்றால் ஒரு தெருவும் நாற்பது வீடும் அல்ல. சரிவுக்கு ஒன்றாகத் தனித்தனிப் பண்ணை வீடுகள். ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு பெயர்; அதில் குடியிருக்கும் ஒரே குடும்பத்துக்கும் அதே பெயர். யார்க்‌ஷயர் பெயர்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஜார்ஜ் ரெட்மண்ட்ஸ், ஹாலிஃபாக்ஸ் வட்டாரத்தில் பாரக்ளஃப், சட்கிளிஃப், மர்கட்ராய்ட் போன்ற பெயர்கள் எப்படித் தங்கள் பிறப்பிடத்தைச் சுற்றியே நூற்றாண்டுகளாகப் பல்கிப் பெருகின என்று காட்டியிருக்கிறார். அங்கே ஊர்ப்பெயர் வெறும் முகவரி. அதைச் சூடிக்கொள்ள எங்கும் போக வேண்டியதில்லை. எனவே என் வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்: அது குடியிருப்பு ஒரே இடத்தில் திரண்டிருந்த சமவெளிக் கிராமங்களுக்கே பொருந்தும். டிரென்ட் பள்ளத்தாக்கு அப்படிப்பட்ட நிலம். வேலியில்லாத பெரிய வயல்களைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து ஊரே சேர்ந்து உழுத முறை அங்கே வழங்கியது. அந்த முறையின் மிச்சம் இதே நாட்டிங்ஹாம்ஷயரின் லாக்ஸ்டன் கிராமத்தில் இன்றும் இருக்கிறது. ஊர் முழுக்க ஒரே முகவரி உள்ள அத்தகைய இடத்தில் முகவரி பெயராக முடியாது. ஆனால் இந்த வேறுபாட்டை 1881 வரைபடம் காட்டாது என்பதைக் கவனிக்க வேண்டும். பண்ணையில் தங்கியே பெயர் பெற்றவனின் வழிவந்தவர்களும், ஊரைவிட்டுப் போய்ப் பெயர் பெற்றவனின் வழிவந்தவர்களும் அதில் ஒரே மாதிரிக் கறுப்புத் திட்டுகளாகத்தான் தெரிவார்கள்.

பெயரே அந்த ஊருடையதுதானா என்ற கேள்வியும் உண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் ‘அட்டன்’ என்பது இடம் குறிக்கும் முன்னொட்டு. ஆஷ் மரத்தடியில் இருந்தவர் நாஷ் ஆனதும், ஓக் மரங்களடியில் இருந்தவர் நோக்ஸ் ஆனதும் அதன் கடைசி எழுத்து ஒட்டிக்கொண்டதால்தான். அப்படியானால் பழைய கோட்டை மேடு எது இருந்தாலும் அதன் பக்கத்தில் குடியிருந்தவர் அட்டன்பரோ ஆகியிருக்கலாமே. டிரென்ட் கரை ஊரின் பெயருக்கு வேறு வரலாறு: ஆடா அல்லது ஏடி போன்ற பழைய ஆங்கில ஆள்பெயரோடு அரண் என்ற பொருள் தரும் சொல் சேர்ந்தது என்பார்கள். எழுத்து ஒன்றாகிவிட்டதால் சொல்லை வைத்துக்கொண்டு மட்டும் இதைத் தீர்க்க முடியாது. பரவல் தீர்க்கிறது. கோட்டை மேடுகள் இங்கிலாந்தெங்கும் உண்டு. பெயரோ நாட்டிங்ஹாம்ஷயரையும் டெர்பிஷயரையும் விட்டு அதிகம் நகரவில்லை. பல இடங்களில் பிறந்த பெயர் இப்படி ஒரு மூலையில் குவிந்திருக்காது. வரைபடத்துக்குத் தர வேண்டிய மதிப்பை இங்கே தந்துவிடலாம். எந்த ஊர் என்ற கேள்விக்கு அது நம்பகமான பதில் தருகிறது. அந்த ஊரோடு என்ன உறவு என்ற கேள்விக்குத்தான் அதனிடம் பதில் இல்லை. ரிச்சர்ட், டேவிட் இருவருடைய தந்தை ஃபிரெடரிக் அட்டன்பரோ பழைய ஆங்கிலத்தில் தேர்ந்தவர். ஆங்கிலோ-சாக்ஸன் மன்னர்களின் தொடக்ககாலச் சட்டங்களைப் பதிப்பித்து மொழிபெயர்த்து 1922இல் வெளியிட்டவர். தன் பெயரின் பின்பாதியை அச்சட்டங்களில் அவர் எத்தனை முறை கடந்து போயிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதில் ஒரு சுவை இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஃபிரெடரிக் 1887இல் பிறந்தது ஸ்டேபிள்ஃபோர்டில், தகப்பனார் ரொட்டிக்கடைக்காரர். ஸ்டேபிள்ஃபோர்ட் அட்டன்பரோவிலிருந்து சில மைல் தூரம்தான். இங்கேதான் மூன்றாவது மறுப்பு வருகிறது: ஐந்நூறு ஆண்டு கழித்தும் பெயர் தன் ஊரைப் பார்க்கும் தூரத்திலேயே இருக்கிறதென்றால், அதற்குப் பெயர் வேர் என்றல்லாமல் வேறென்ன? ஆட்கள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள், ஆனால் ஒரு வட்டத்துக்குள் நகர்ந்தார்கள் என்பதே என் பதில். குத்தகை முடிந்தால் அடுத்த ஊர், பெண் எடுத்தால் ஆற்றுக்கு அக்கரை, வேலை பழகச் சந்தை நகரம். பேரன் மறுபடி தாத்தா ஊருக்குப் பக்கத்தில். ஷெஃபீல்டைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் டேவிட் ஹே இதை நுட்பமாக எழுதியிருக்கிறார்: பழைய ஆங்கிலேயர் தங்கள் நாடு என்று சொன்னது இங்கிலாந்தையும் அல்ல, கிராமத்தையும் அல்ல, சில சந்தை நகரங்களைச் சுற்றி, ஒரு நாளில் நடந்து போய்த் திரும்பக்கூடிய வட்டாரத்தை. குடும்பங்கள் ஊர் மாறின, வட்டாரம் மாறவில்லை. 1881 வரைபடத்தில் கறுத்துத் தெரிவது அந்த வட்டாரம். பெயர் சொல்வதோ ஒரே ஒரு புள்ளியை. புள்ளிக்கும் வட்டத்துக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியைப் பார்க்காமல் விட்டால், பற்று இருந்த இடத்தைத் தவறாகக் குறித்தவர்களாவோம். பரவலை அளக்கும் முறையும் இதற்கு உடந்தை. ஆங்கிலப் பெயர்களின் பரவலை முதன்முதலில் முறையாக வகுத்தவர் ஹென்றி புரூம் கப்பி. அவருடைய நூல் 1890இல் வந்தது. அவர் விவசாயிகளின் பெயர்களை மட்டுமே எண்ணினார். காரணம், இருந்த இடத்தை விட்டு அசையாத வர்க்கம் அவர்கள்தான் என்பது. அசையாதவர்களை மட்டும் எண்ணினால் அசையாமைதான் விடையாக வரும். போதாததற்கு, ஒரு விகிதத்துக்குக் கீழே போன அரிய பெயர்களைக் கணக்கிலிருந்தே விட்டுவிட்டார். இதே கப்பி கடற்படை மருத்துவராக இருந்தவர். பசிபிக் தீவுகளில் அலைந்து, விதைகள் கடல் நீரோட்டத்தில் எவ்வளவு தூரம் மிதந்து போய் எங்கே முளைக்கின்றன என்று பெரிய நூல் எழுதியவர். விதைகளிடம் அலைச்சலைத் தேடியவர் மனிதர்களிடம் நிலைத்திருப்பதைத் தேடியது விசித்திரம்.

அரிய பெயர் என்பதன் மீதுள்ள மயக்கம் இன்னொரு வகை. ஸ்மித்துகள் பல ஊர்க் கொல்லர்களின் கலவை, அட்டன்பரோக்கள் ஒரே குடும்பம் என்பதில் ஒரு பெருமிதம் ஒளிந்திருக்கிறது. அரிதாக இருப்பதே ஒரே மூலத்திலிருந்து வந்ததற்குச் சான்று என்று நினைக்கிறோம். ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டனுக்கு இதையொத்த ஒரு கவலை இருந்தது: பெருங்குடிகளின் பெயர்கள் ஏன் அற்றுப்போகின்றன? 1873இல் அதைக் கணக்காக ஆக்கி ஒரு கல்வி இதழில் வெளியிட்டார். ஹென்றி வில்லியம் வாட்சன் என்ற பாதிரியார் விடை அனுப்ப, மறுஆண்டு இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். எல்லாப் பெயரும் ஒருநாள் அழிந்தே தீரும் என்று முடிவு செய்ததில் வாட்சனுக்குப் பிழை நேர்ந்தது. மக்கள்தொகை பெருகினால் சில பெயர்கள் தப்பும். பிரெஞ்சுக்காரர் பியனெமே 1845லேயே இதைச் சரியாகச் சொல்லியிருந்தார், யாரும் கவனிக்கவில்லை. ஆனால் கணக்கின் சாரம் நிற்கிறது. சராசரியாக ஆளுக்கு ஓர் ஆண்மகன் என்று வைத்துக்கொண்டு, யாருக்கு எத்தனை மகன் என்பதை முழுக்கத் தற்செயலுக்கு விட்டால், நூறு பேர் நூறு பெயர்களோடு தொடங்கும்போது அடுத்த தலைமுறையிலேயே 37 பெயர்கள் போய்விடும். பத்தாம் தலைமுறையில் மிஞ்சுவது 16 அளவில். இருபதாம் தலைமுறையில், அதாவது 1300லிருந்து ஏறத்தாழ நம் பக்கம் வந்து சேரும்போது, ஒன்பது. யாரும் யாரையும் கொல்ல வேண்டாம், பஞ்சமோ போரோ வர வேண்டாம். பெண் குழந்தைகள் மட்டும் பிறந்த வீடுகளும் பிள்ளையில்லா வீடுகளுமே போதும். நிஜத்தில் கொள்ளைநோயும் வந்தது. பிறகு 1801இல் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து சுமார் 89 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1901இல் 3 கோடியே 25 லட்சமாக ஊதியபோது, அதுவரை தப்பியிருந்த பெயர்கள் மட்டும் பெருகின. ஆகவே அட்டன்பரோ என்று அழைக்கப்பட்டவர்கள் முதலில் ஒருவரா, ஆறு பேரா, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஊருக்குப் போன பதினைந்து பேரா என்பது இன்றைய அரிய தன்மையிலிருந்து தெரியாது. பதினைந்தில் ஒன்று மட்டும் தப்பினாலும் விளைவு இப்படியேதான் இருக்கும்.

மரபணு வந்த பிறகு இந்த ஐயத்துக்கு இடமில்லை என்பார்கள். தந்தையிடமிருந்து மகனுக்குப் பெயர் போகும் வழியிலேயே ஒய் குரோமோசோமும் போகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் விஷயம் முடிந்தது. மரபியலாளர் பிரையன் சைக்ஸ் 2000இல் தன் பெயரையே எடுத்துக்கொண்டு இதைச் செய்தார். யார்க்‌ஷயர் நீரோடைகளிலிருந்து வந்த பெயர் அது. பல ஓடைகள், பல சைக்ஸ்கள் என்றுதான் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். பரிசோதித்த 48 பேரில் 21 பேருக்கு ஒரே வகைக் குரோமோசோம். ஒரே மூதாதை என்று முடிவு கட்டினார். 2009இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 40 பெயர்களில் 1,678 ஆண்களை ஆராய்ந்தார்கள். பெயர் அரிதாக ஆக ஆக ஒரே வழியினர் மிகுந்தார்கள். சராசரியாக 62 விழுக்காடு. ஒரு முனையில் பூஜ்யம், மறுமுனையில் 87. உயர்ந்த முனையில் நிற்கும் பெயர்களில் அட்டன்பரோவும் உண்டு. (அந்தப் பல்கலைக்கழகம் கல்லூரியாக இருந்த காலத்தில், 1932 முதல் 1951 வரை, அதன் தலைவராக இருந்தவர் மேலே சொன்ன ஃபிரெடரிக் அட்டன்பரோ, அங்கே ஒரு கட்டடத்துக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள்.) இவ்வளவு பேர் ஒரே வழி என்றால் ஒரே அட்டன்பரோ ஜான்தானே? ஆய்வாளர்களே அந்த முடிவுக்கு வரவில்லை என்பதுதான் பலர் படிக்காமல் விடும் பகுதி. வழிகளில் பல ஆழமற்றவை. பெயர் உண்டான காலத்துக்கு வெகு பின்னரே பிரிந்தவை. தொழிற்பெயரா, ஊர்ப்பெயரா, பட்டப்பெயரா என்பதால் எந்த வேறுபாடும் தென்படவில்லை. ஊர்ப்பெயர் மற்றவற்றைவிட ஒரே மூலத்துக்கு நெருக்கமானது என்றிருந்தால் அது இங்கே தெரிந்திருக்க வேண்டும். கணினியில் தலைமுறைகளை ஓட்டிப் பார்த்து, இன்றைய ஒற்றுமையில் பெரும்பங்கு யாருக்குப் பிள்ளைகள் அதிகம் தங்கின என்ற தற்செயலால் வந்தது என்றார்கள். எழுநூறு ஆண்டுக்கு முன் அந்தப் பெயரை முதலில் சுமந்தவர்களைப் பற்றி இன்றைய படிமம் நம்பும்படி ஏதும் சொல்வதில்லை என்பது அவர்கள் முடிவு. வாட்சனின் கணக்கு ரத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

பெயரும் ரத்தமும் சேர்ந்தே ஓடும் என்பதிலும் ஓட்டைகள் உண்டு. மணமாகாத தாயின் பிள்ளை தாயின் பெயரை எடுக்கும். தத்துப்பிள்ளை வளர்த்தவர் பெயரை எடுக்கும். மற்றதை விளக்க வேண்டியதில்லை. சைக்ஸ் கணக்கில் இது தலைமுறைக்கு 1.3 விழுக்காடு, அற்பமாகத் தோன்றும், இருபது தலைமுறை சேரும்போது அற்பமாக இராது. மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புகளை லெஸ்டரில் கண்டெடுத்து ஆராய்ந்தபோது, ஆவணப்படி அவருடைய ஆண்வழி உறவினரான இன்றையவர்களின் குரோமோசோம் அவருடையதோடு பொருந்தவில்லை. இடையில் எங்கோ சங்கிலி அறுந்திருக்கிறது. ஏடு வைத்துக் காத்த அரச வழியிலேயே அப்படி. 2007இல் கிங், ஜாப்ளிங் குழு வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பு இதைவிடக் கூர்மையானது. அரியதொரு யார்க்‌ஷயர் பெயருள்ள 18 ஆண்களில் 7 பேரிடம் மேற்கு ஆப்பிரிக்காவுக்கே உரிய ஒய் குரோமோசோம் வகை இருந்தது. அவர்களுடைய குடும்ப மரங்கள் பதினெட்டாம் நூற்றாண்டு யார்க்‌ஷயர் வரை போகின்றன. வரைபடத்தில் அவர்கள் அசல் யார்க்‌ஷயர்க்காரர்கள், ஆண்வழியில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருவரின் வாரிசுகள், இரண்டும் உண்மை. இவற்றுக்கெல்லாம் மேலாகப் பெண்கள் இருக்கிறார்கள். அட்டன்பரோ வீட்டில் பிறந்த மகள் திருமணத்தன்று அந்த வரைபடத்திலிருந்து மறைந்துவிடுகிறாள். அவளுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் டிரென்ட் கரையிலேயே, ஒருவேளை அதே ஊரிலேயே, வேறு பெயர்களில் வாழ்ந்திருப்பார்கள். இருபது தலைமுறை பின்னோக்கிப் போனால் ஒருவருக்குப் பத்து லட்சத்துக்கு மேல் மூதாதை இடங்கள். பெயர் வந்த வழி அவற்றில் ஒன்று. ஊரில் தங்கியவர்களின் ரத்தம் யாரிடம் இருக்கிறது என்று தேடினால், பெயர் இல்லாதவர்களிடம் கிடைக்கவே வாய்ப்பு அதிகம்.

இவ்வளவும் சொல்வது பெயர்களை ஆராய்வது வீண் என்பதற்காக அல்ல. 2016இல் நான்கு தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்ட் குடும்பப்பெயர் அகராதி நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களுக்குப் பழைய பதிவுகளையும் 1881 பரவலையும் பக்கம் பக்கமாக வைத்து வேலை செய்திருக்கிறது. ஒலியைக் கேட்டுக் கதை கட்டிய பழைய அகராதிகளின் பல பிழைகள் அதனால் களையப்பட்டன. என் தகராறு அகராதியோடு அல்ல, அதைப் படிக்கும் வழக்கத்தோடு. அகராதி ஒரு புறப்பாட்டைப் பதிவு செய்கிறது. வாசகர் அதை ஒரு வீட்டுக் கதவிலக்கமாகப் படிக்கிறார். சரளைப் பள்ளங்களை 1966இல் இயற்கைக் காப்பிடமாகத் திறந்து வைக்க டேவிட் அட்டன்பரோவை அழைத்தபோது, ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் ஒன்றாக இருந்தது எல்லாருக்கும் மகிழ்ச்சி தந்திருக்கும், தரட்டும். 1993இல் ரிச்சர்டுக்குப் பிரபுப் பட்டம் தந்தபோது, அத்தகைய பட்டத்தோடு ஓர் ஊரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற மரபுப்படி, அவர் ‘ரிச்மண்ட் அபான் தேம்ஸின் அட்டன்பரோ பிரபு’ ஆனார். ஏற்கெனவே ஊராக இருந்த பெயருக்கு, ஆள் இருந்த ஊரைச் சொல்ல இன்னோர் ஊர் தேவைப்பட்டது. ஊர்ப்பெயரைத் தாங்கிய மூதாதையைத் தேடுகிறவர்கள் வழக்கமாக அந்த ஊர்த் தேவாலயத்தின் பதிவேட்டைத்தான் முதலில் திறக்கிறார்கள். 1538இல் தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டுத் தொடங்கிய அந்தப் பதிவேடுகள் பெயர் உண்டாகி இருநூறு ஆண்டுக்குப் பின்னரே வருகின்றன. அதற்குள் போக வேண்டியவர்கள் போய்விட்டார்கள். பத்து மைல் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் மற்ற ஊர்களின் பதிவேடுகளை முதலில் திறவுங்கள். அவற்றிலும் மணமகன்களின் வரிசையோடு மணமகள்களின் வரிசையையும் சேர்த்தே படியுங்கள். அந்த ஊரின் பதிவேட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.